கண் முழிச்சீங்க, அப்புறம்?

எங்கள் வார்டில் அவளுக்கு வைத்த பெயர் துருவல். துருவித் துருவிக் கேட்கிறவள் என்பதால் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். எனக்கும் ஒரு பெயர் உண்டு, ஊசி. ஊசி போடுவதில் எனக்குக் கைராசி, அதனால் வைத்தார்கள் என்று நான் சொல்வேன். என் வாய்க்காக வைத்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எது எப்படியோ, பேச்சை வளர்ப்பது எனக்குப் பிடிக்காது. காய்ச்சல் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, மருந்து போயிற்றா, அடுத்த கட்டில். துருவலுக்கு அது ஆகாது. முக்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வேலை நேரத்தில் இப்படி உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளிடம் பல தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நர்சிங் படித்தவர்கள். நோயாளியை எப்படி மதிப்பிடுவது என்று அங்கே ஒரு பாடம் இருந்தது. நடுவில் ஒரு வட்டம், அது உடம்பு. அதைச் சுற்றி மனசு. அதைச் சுற்றி வீடு. அதைச் சுற்றி வேலை. கடைசியாகப் பெரிய வட்டம், தெருவும் ஊரும். உடம்பில் தெரிகிற நோய்க்கு வேர் எந்த வட்டத்திலும் இருக்கலாம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது பாடம். நான் உருப்போட்டுப் பரீட்சையில் எழுதிவிட்டு மறுநாளே கைகழுவிவிட்டேன். துருவல் அதை விடவில்லை. ஆனால் நோயாளியிடம் போய் உங்கள் சமூகச் சூழல் என்ன என்று கேட்டால் அவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். “வீட்டுல இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். காலையில கண் முழிச்சீங்க. அப்புறம்?” என்பாள். அவர்கள் ஒன்று சொன்னதும் மறுபடி “அப்புறம்?” அவ்வளவுதான் அவளுடைய ஆயுதம்.

ஒரு பெண் காலில் புண்ணோடு வந்து கிடந்தாள். எந்த மருந்துக்கும் ஆறவில்லை. துருவல் அவளுடைய காலைப்பொழுதை நடத்திப் பார்த்தாள். எந்திரிப்பேன், பிள்ளைகளை அனுப்புவேன், வண்டி கழுவுற இடத்துக்கு வேலைக்குப் போவேன், பூட்ஸ் போடுவேன். யாரோட பூட்ஸ்? வீட்டுக்காரரோடது. பெரிசா இருக்காதா? துணியை அடைச்சுக்குவேன். அந்தத் துணி நாள் முழுக்க ஈரத்தோடு புண்ணில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. இதைக் கேட்டதும் டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து துருவல் எதையாவது சொல்ல வந்தால் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

இதில் அவளுக்கு ஒரே தொல்லை சொந்தக்காரர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்வார்கள். அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். “ஒரு சோப்பு வாங்கிட்டு வந்துடுங்க, உடனே வேணும்” என்பாள். கடை வாசலுக்கு வெளியே ரோட்டைத் தாண்டி இருக்கிறது, எப்போதும் கூட்டம். போனவர் திரும்புவதற்குள் துருவல் காலையிலிருந்து ராத்திரி வரை நடந்துவிட்டு வந்துவிடுவாள். எங்கள் அலமாரியில் மருந்தை விடச் சோப்புதான் அதிகம். இந்த வேடிக்கையை அவள் ஒரு லீவு நாளில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். அக்காவின் கணவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அக்கா தலையில் தட்டினாளாம். அதை எங்களிடம் வந்து சொல்லி மறுபடி சிரித்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவளைப் பற்றிச் சொன்னால் அக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா போன பிறகு அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் வேலைக்குப் போய் இவளை நர்சிங் படிக்க வைத்தவள். இவள் வெள்ளை உடுப்புப் போட்ட முதல் நாள் அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது, வேலையை விட்டுவிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று துருவல் கிளம்பினாள். அக்கா ஒரே சத்தம் போட்டு அடக்கிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா அக்கா வீட்டில்தான். துருவல் லீவு நாளில் போய் அக்காவை உட்கார வைத்துவிட்டு அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, நகம் வெட்டி, சோறு ஊட்டிவிட்டு வருவாள். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களையும் இவள் துருவி எடுத்ததால்தான் ஆகவில்லை என்பது என் கட்சி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸ் குவார்ட்டர்ஸில், கீழ்த்தளத்தில், எனக்கு அடுத்த அறையில் இருந்தாள்.

அந்த அக்காவை மூச்சு வாங்க வாங்க வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்துக்குள் அது மூன்றாவது தடவை. இதயம் பலவீனம். உடம்பில் நீர் தங்கிக் கால் வீங்கும், நெஞ்சில் ஏறும், படுக்க முடியாது. ஊசி போட்டால் நீர் இறங்கிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் காலையில் போட நீர் மாத்திரை கொடுப்பார்கள். போய்க் கொஞ்ச நாளில் பழையபடி வந்து நிற்பாள். இந்தத் தடவை உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஊசி போட்டது நான்தான்.

மூச்சு கொஞ்சம் சீரானதும் டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“இங்க இருந்தா நல்லா இருக்காங்க, வீட்டுக்குப் போனா ஏறிடுது. மருந்துல தப்பு இல்ல. ஒவ்வொரு தடவையும் இதயம் கொஞ்சம் தளர்ந்துக்கிட்டே வருது. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார். பிறகு துருவலைப் பார்த்து, “வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கட்டில் தர முடியும்” என்றார்.

துருவல் முக்காலியைத் தேடினாள். பெரிய சிஸ்டர் அதைக் காலால் நகர்த்திவிட்டார். வார்டு முழுவதும் அவர் பொறுப்பு, அவர் சொன்னால் சொன்னதுதான். “சொந்தக்காரங்க கட்டிலுக்கு நீ போகக் கூடாது. உனக்கு அங்க காதும் கேக்காது, கண்ணும் தெரியாது. ஊசி பாத்துக்கட்டும்.”

நானா? அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டு உட்கார எனக்கு வருமா? ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு சரி என்று தலையாட்டினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அக்காவின் கணவர் இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். என்ன தேய்த்தாலும் போகாத கருப்பு நகக்கண்ணில். அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தன் தங்கையை வரவழைத்துவிட்டு, லீவு போட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்றால் பசை போட்டு ஒட்டின மாதிரி. நான் அக்காவிடம் “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்றால், “போடறா” என்பார். “உப்பு குறைச்சுக்கிட்டீங்களா?” என்றால், “குறைச்சாச்சு” என்பார். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

சரி, நம் வீட்டு வித்தையைக் காட்டுவோம் என்று நினைத்தேன். “அண்ணே, ஒரு சோப்பு வாங்கிட்டு வந்துடுங்க” என்றேன்.

அவர் பையைத் திறந்து ஒரு புது சோப்பை எடுத்து என் கையில் வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இதைத் துருவலிடம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. “அவருக்கு நான் ஏன் சோப்பு கேப்பேன்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாங்கி வெச்சிருக்காரு. அவ தனியா என்கிட்ட பேசிடக் கூடாதுன்னு இருக்காரு.”

“அவசரப்படாத” என்றேன்.

“உடம்பு துடைக்கும்போது பாரு. கை, முதுகு, கழுத்து. எல்லாம் பாரு.”

மறுநாள் காலையில் திரையை இழுத்துவிட்டு அக்காவுக்கு உடம்பு துடைத்தேன். அப்போதும் அவர் திரைக்கு வெளியே அங்குல தூரத்தில் நின்றார், அவருடைய செருப்பு கீழே தெரிந்தது. அக்காவின் இடது மேல் கையில் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்தது. பழையதின் மேல் புதியது. விரல் அழுந்தின தடம். அதைத் துடைக்காமல் விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“என்னக்கா இது?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

கதவுக்கு விரல் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. வெளியே செருப்பு நகர்ந்தது, நான் விழுங்கிவிட்டேன்.

துருவலிடம் இதைச் சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். அவள் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக வார்டுக்குள் போனாள். “அத்தான், வெளிய வாங்க” என்றாள். அவர் வாசல் வரைக்கும்தான் வந்தார், அங்கிருந்து கட்டில் தெரியும்.

“அவ மாத்திரை போடறத நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“நான் விடியக்காலைல வேலைக்குப் போறவன்.”

“அப்ப எப்படிப் போடறான்னு சொல்றீங்க?”

“அவ சொல்றா.”

“கையில என்ன காயம்?”

அவர் தரையைப் பார்த்தார்.

“எதை மறைக்கறீங்க அத்தான்? அவ செத்துப்போனா சொல்லுவீங்களா?”

“நீ உன் வேலையைப் பாரு” என்றார் அவர். “அதுதான் அவளுக்கு வேணும்.”

இந்தப் பேச்சை நாங்கள் எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் கேட்டவர்கள். அதைச் சொன்ன ஆண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எங்களுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். துருவல் திரும்பி வந்து குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. “எத்தனை பேரு வீட்டுக்குள்ள போய்ப் பாத்தேன் ஊசி. என் அக்கா வீட்டுல அடி விழறது தெரியாம, போய்ச் சிரிச்சுக்கிட்டுச் சாப்பிட்டு வந்திருக்கேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய சிஸ்டரிடம் போனாள். அக்காவை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, போலீஸில் சொல்ல வேண்டும் என்றாள்.

பெரிய சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உன் அக்கா வாயால ஒரு வார்த்தை சொன்னாளா?”

“சொல்ல விட்டாத்தானே.”

“கேக்காம முடிவு பண்ணாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நீ. அடுத்த மாசத்துலேருந்து எல்லா வார்டுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போறே. உன் பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். இப்ப நீயே இப்படிக் குதிச்சா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஊசி, அந்தாளு இருந்தா இருக்கட்டும். அவர் முன்னாலயே கேளு. பொய் சொன்னாலும் பரவாயில்ல, பொய்யும் ஒரு பதில்தான்.”

சாயங்காலத்துக்கு அதிக நேரம் இல்லை. அக்காவின் துணியை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை என்பதால் முட்டியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

“அக்கா, வீட்டுல இருக்கீங்க. கண் முழிச்சீங்க. அப்புறம்?”

அக்கா சிரித்தாள். “உனக்கும் அந்த வியாதி தொத்திக்கிச்சா?” என்றாள். பிறகு சொன்னாள். எழுந்திருப்பாள், பல் தேய்ப்பாள், அடுப்பு பற்றவைப்பாள், இவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். அப்புறம்? மாத்திரை போடுவாள். அப்புறம்? கொஞ்சம் படுப்பாள். அப்புறம்? தையல் இருந்தால் தைப்பாள். அப்புறம்? சமையல். சாப்பாடு. ரேடியோ கேட்பாள். தடங்கலே இல்லாமல் வந்தது, ஒத்திகை பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி. அவர் மடித்த சட்டையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து வந்து துருவலிடம் அதை வரிக்கு வரி ஒப்பித்தேன். “ஒண்ணும் கிடைக்கல. சொகுசா இருக்கா உங்க அக்கா. ராணி மாதிரி காலை” என்றேன். சொல்லும்போதே எனக்கு ஏதோ இடித்தது. “இரு. உங்க அப்பா அங்கதானே இருக்காரு?”

“அங்கதான். ஏன்?”

“அவ சொன்னதுல அவர் வரவே இல்லையே.”

துருவல் என்னைப் பார்த்தபடியே நின்றாள். எழுந்திருக்க முடியாத ஒரு மனிதர் இருக்கிற வீட்டில், அவர் ஒரு தடவை கூட வராத காலை எப்படி இருக்கும்? நோயாளி சொன்னதை விட்டுவிட்டு, சொல்லாமல் தாண்டிப் போனதைப் பார் என்று எங்களுக்கு ஓயாமல் சொல்கிறவள் அவள்தான். மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கைக்கடிகாரத்தையும் கழற்றினாள். பெரிய சிஸ்டர் பார்த்தார், தடுக்கவில்லை.

நான் பிரஷர் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் முக்காலியில் உட்காரவில்லை. கட்டில் ஓரத்தில், அக்காவின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உடனே எழுந்து நின்றார்.

“நீங்க இருங்க அத்தான்” என்றாள் துருவல். “அக்கா, என்கிட்ட சொல்லு. காலையில கண் முழிச்ச...”

“இப்பதானே ஊசிகிட்ட சொன்னேன்.” அக்காவின் குரல் லேசாக உயர்ந்தது. மூச்சு வாங்கியது. பிறகு பேச்சை மாற்றுகிறவளாகச் சிரித்துக்கொண்டே, “ஊர்ல எல்லாரையும் கேக்கறியே, உன் காலையை யாராவது கேட்டாங்களா? நீ சொல்லு, கேப்போம். கண் முழிச்ச. அப்புறம்?” என்றாள்.

துருவலும் விளையாட்டுக்குத்தான் சொல்ல ஆரம்பித்தாள், அக்காவை இளக்கிவிடலாம் என்று.

“எந்திரிப்பேன். டீ போடுவேன்.”

“அப்புறம்?”

“ஊசி கதவைத் தட்டி ஆறிப்போகுதுன்னு கத்துவா. ரெண்டு பேரும் குடிப்போம்.”

“அப்புறம்?”

“குளிப்பேன். உடுப்புக்கு இஸ்திரி போடுவேன். ஜன்னல்ல நின்னு தலை வாருவேன், நல்ல காத்து வரும். வார்டுக்கு வருவேன்...”

அங்கே நின்றுவிட்டாள். அக்கா “அப்புறம்?” என்று கேட்டுவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“என் காலையில அப்பா இல்ல” என்றாள் துருவல். “உன் காலையிலயும் அவர் இல்லேன்னு ஊசி சொல்றா. அப்ப அவரைத் தினம் யாருக்கா எழுப்பி உக்கார வைக்கறது?”

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். துருவல் அவளுடைய ரவிக்கையின் இடது கையை மெல்ல மேலே நகர்த்தினாள். கன்றிப்போன இடத்தில் தன் வலது கை விரல்களை எதிரில் உட்கார்ந்தபடி வைத்துப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது.

“அப்பாவுக்கு வலது கைதான் வேலை செய்யும்” என்றாள். “தூக்கும்போது இங்கதான் பிடிப்பாரு. என்னையும் இங்கதான் பிடிப்பாரு, லீவு நாள்ல. எனக்கு ஒரு நாள் பிடி, அது கன்றாது.”

அதற்குப் பிறகு அக்காவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள், நடுநடுவே மூச்சு வாங்கியதால் நான் தலையணையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அந்த வீடு மாடியில் வரிசையாக உள்ள அறைகளில் ஒன்று. கழிவறை கீழே, எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. நீர் மாத்திரை போட்டால் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும், இறங்கி ஏற வேண்டும், அங்கே வரிசையில் நிற்க வேண்டும். அப்படிப் போயிருந்த ஒரு காலையில் அப்பா தானாக எழப் பார்த்துக் கீழே விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டார். துருவலிடம் தூக்கத்தில் புரண்டு விழுந்தார் என்று சொல்லியிருந்தார்கள். அன்றோடு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். அட்டையிலிருந்து தினமும் ஒன்றைப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டுவிடுவாள், கணவர் கண்ணில் காலி அட்டை படுவதற்காக. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பாரமான உடம்பைத் தினமும் தூக்கினாள், திருப்பினாள், துடைத்தாள்.

அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “மாத்திரை போடாதது எனக்கே இந்தத் தடவைதான் தெரியும். வண்டியில வரும்போது சொன்னா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. என்னை அவகூட தனியா விட்டுடாதீங்க, அவ அப்புறம் அப்புறம்னு கேட்டா நான் கொட்டிடுவேன்னா.” அவர் குரல் உடைந்தது. “வீட்டுக்குப் போனதும் நான் வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். வேற என்ன செய்யறது?”

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து நிப்ப” என்றாள் அக்கா. “புதுப் பொறுப்பு வேற வரப்போகுதுன்னு சொன்ன. நான் மெஷினை மிதிச்சு மிதிச்சு உன்னை இங்க கொண்டாந்து நிறுத்தினது, நீ வந்து அப்பாவுக்குத் துணி அலசறதுக்கா?”

“நீ செத்தா நான் யாருக்குக்கா இந்த உடுப்பைப் போட்டுக் காட்டறது?”

துருவல் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். கை கூப்பப் போனாள் போலிருக்கிறது, அவர் அதற்குள் பையிலிருந்து துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார், முகத்தைத் துடைத்துக்கொள்ளும்படி. அவரைப் பற்றி நான் மனதுக்குள் நினைத்ததையெல்லாம் நினைத்து எனக்கே கூசியது.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாத்திரையைப் பிற்பகலுக்கு மாற்றலாம், அதற்குள் கணவர் ஷிப்ட் முடிந்து வந்துவிடுவார் என்றார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற கழிப்பு நாற்காலி ஒன்றை ஆஸ்பத்திரியிலிருந்து இரவலாகக் கொடுக்கச் சொன்னார். “ஆனா ஆளைத் தூக்கற வேலை இனிமே கூடாது. அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல” என்றார்.

“அப்பா என்கூட இருப்பாரு” என்றாள் துருவல். அக்கா வாயைத் திறக்குமுன், “வேலையை விடறேன்னு யாரு சொன்னா? நீயா நினைச்சுக்கிட்டா நானா பொறுப்பு?” என்றாள்.

குவார்ட்டர்ஸில் பகலில் நைட் ட்யூட்டி முடித்த யாராவது இருந்துகொண்டுதான் இருப்போம். தூங்க விடாமல் படுத்துகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துக்கொள்ள முறை போட்டுக்கொண்டோம். முதல் ஆள் நான். முற்பகலில் அக்கா மெதுவாக நடந்து வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள், தூக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதன் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அவள் வண்டியில் வரவில்லை. பரிசோதனைக்குத் தன் காலில் நடந்து வருகிறாள், வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சோப்பு கொண்டுவருகிறாள். துருவல் அந்தப் புதுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டாள், நான் போகவில்லை. எனக்கு வகுப்பு என்றால் தூக்கம் வந்துவிடும்.

அப்பா வந்த மறுநாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத்தான் துருவல் முதல் தடவையாக வேலைக்கு நேரம் கழித்து வந்தாள். உடுப்பில் இஸ்திரி மடிப்பு இல்லை, தோள் பக்கம் நனைந்திருந்தது. பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா?” என்றார்.

“கண் முழிச்சேன் சிஸ்டர்” என்றாள் அவள். “அப்பாவைப் பிடிச்சு உக்கார வெச்சேன்.”

அதோடு நிறுத்திவிட்டாள். முகம் சரியில்லை. நான் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தவள், என்னை அறியாமல், “அப்புறம்?” என்றேன்.

“அவர் என்னைப் பாத்தாரு. பாத்துட்டு, இன்னைக்கு உனக்கு லீவாம்மான்னு கேட்டாரு.”

துருவல் அழுதுகொண்டே கை கழுவப் போனாள்.